அடுத்த வீட்டு வாடை

ஏப்ரல் 9, புதன்

‘சரி’ என்று இன்று நான் சொல்லவில்லை. ‘மாட்டேன்’ என்றும் சொல்லவில்லை. “மழை வர்ற மாதிரி இருக்கு, துணி எடுக்கணும்” என்று சொன்னேன். வானத்தில் ஒரு கீற்று மேகம் இல்லை. துணியெல்லாம் மத்தியானமே மடித்து வைத்தாகிவிட்டது.

கேட்டவர் அடுத்த வீட்டில் குடியிருக்கும் தணிகைவேல். எங்கள் மொட்டைமாடிக்கும் அவருடையதற்கும் நடுவில் இடுப்புயரச் சுவர் ஒன்றுதான். சாயங்காலம் நான் வடகத் துணியைச் சுருட்டப் போகும்போது அவர் அந்தப் பக்கம் தாள்களை உலர்த்திக்கொண்டிருப்பார். கல்வெட்டுகளைப் படியெடுப்பது அவர் வேலை. ஈரத் தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் அடித்து, மை ஒற்றி, காய்ந்ததும் உரித்தெடுத்தால், ஆயிரம் வருடத்து எழுத்து கறுப்புத் தாளில் வெள்ளையாக நிற்கும். ஒன்றரை வருடமாக இந்தத் தென்காசித் தெருவில் தனியாக இருக்கிறார். நாங்கள் புத்தகம் மாற்றிக்கொள்வோம். அவ்வளவுதான்.

இன்று, அரக்கோணத்திலிருந்து தன் அம்மாவை வரச் சொல்லட்டுமா, வந்து என் அம்மாவிடம் கல்யாணப் பேச்சை எடுக்கட்டுமா என்று கேட்டார். நேராக, நிதானமாகக் கேட்டார். கையில் மை.

உண்மையில் நான் முதலில் சொன்னது மழையைப் பற்றி அல்ல. “அலாஸ்காவுல ஒரு தவளை இருக்கு. குளிர்காலத்துல அப்படியே உறைஞ்சு போயிரும். மூச்சு நின்னுரும், இதயமும் நின்னுரும். வசந்தம் வந்து பனி உருகினதும் மறுபடி துடிக்க ஆரம்பிக்கும்” என்றேன். இந்த வாரம் பத்திரிகையின் சிறுவர் இணைப்பில் என்னுடைய விநோதத் தகவல் பெட்டிக்காக எழுதி வைத்திருந்தது அது. வாயில் அதுதான் வந்தது.

அவர் முழுக்கக் கேட்டார். பிறகு, “உங்களைக் கேள்வி கேட்டா தகவல் வருது, சுடர்க்கொடி. பதில் வரமாட்டேங்குது” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் மழை.

ஏப்ரல் 10, வியாழன்

மாடிக்குப் போகவில்லை. வடகத்தை அம்மாவே எடுத்துவந்தாள். முழங்கால் வலிக்கிறது என்று முனகினாள். நான் கேட்காதவள்போல் இருந்தேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

கேஸ் வந்தது. மிக்ஸியைப் பழுது பார்க்கக் கொடுத்தேன். சாயங்காலம் நிஜமாகவே மழை. கோடை மழைக்கே உரிய வேகம்; அரை மணி நேரம் கொட்டிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் வெயில் அடித்தது.

அடுத்த வாரத் தகவல்களுக்காகப் படித்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் சில நகரங்களில் இறந்தவர்களைக் காக்க வைக்கத் தனிக் கட்டடங்கள் இருந்தன. உயிரோடு புதைத்துவிடுவோமோ என்ற பயம் அந்தக் காலத்து மக்களைப் பிடித்து ஆட்டியது. உடலைப் பூக்களுக்கு நடுவில் கிடத்தி, விரலில் நூல் கட்டி, நூலின் மறுமுனையில் மணி கட்டியிருப்பார்கள். அடுத்த அறையில் ஒரு காவலாள் மணி அடிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பான். உடல் உப்பும்போது நூல் இழுபட்டு மணி சில சமயம் அடிக்குமாம். அவன் ஓடுவான். ஒருவராவது எழுந்து உட்கார்ந்ததற்கு நம்பத்தக்க சான்று இல்லை.

குழந்தைகளுக்குப் பொருத்தமா என்று யோசிக்க வேண்டும். காவலாளின் வேலை மட்டும் மனதில் நிற்கிறது.

இரண்டு நாளாக அடுத்த வீட்டில் விளக்கு எரியவில்லை. என் புத்தகம் ஒன்று அவரிடம் இருப்பதால் கவனித்தேன்.

ஏப்ரல் 12, சனி

அம்மாதான் ஆரம்பித்தாள். “அந்தத் தம்பியக் காணுமே. வண்டி வாசல்லதான் நிக்கி.”

“எங்கயாவது போயிருப்பாரு.”

“வண்டிய விட்டுட்டா? கதவும் உள்தாழ்ப்பாள்லா போட்டுருக்கு.”

எதிர்வீட்டு ஆவுடையம்மாள் அத்தை இதற்காகவே காத்திருந்தவள்போல் வந்து சேர்ந்தாள். அவளுக்கு இந்தத் தெருவில் யார் எப்போது கதவைத் திறக்கிறார்கள் என்பது சுவாசம் மாதிரி. “புதங்கெழம ராத்திரி ஒரு எட்டு மணிக்கு உள்ள போனத நான் பாத்தேன். வெளிய வரல. நான் பாக்காம எப்படி வருவாரு?”

இந்தத் தர்க்கத்துக்கு எதிராக ஒன்றும் சொல்ல முடியவில்லை.

கைபேசியில் அழைத்தேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. புத்தகம் நூலகத்துடையது, செவ்வாய்க்கிழமை திருப்பித்தர வேண்டும். அதைச் சொல்லத்தான் அழைத்தேன். பிறகு இன்னும் சில தடவை அழைத்தேன். அவர் அலுவலக எண்ணும் தெரியும். திங்கள் வரை விடுமுறை. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஏப்ரல் 13, ஞாயிறு

காலையில் பால் வாங்கப் போகும்போது அவர் கதவைத் தட்டினேன். அழைப்புமணியையும் அழுத்தினேன். உள்ளே அது அடிப்பது கேட்டது. வேறு சத்தம் இல்லை. மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். அவருடைய பின்கட்டு முழுக்கத் தகரக் கொட்டகை. அதற்கு அப்பால் குளியலறைச் சுவர். ஒன்றும் தெரியவில்லை.

விசுவுக்குக் கனி வைக்க மாம்பழம், வெள்ளரி, கொன்றைப் பூ வாங்கிவந்தேன். அம்மா வெள்ளரியைப் பார்த்து, “இது கறிக்கு ஆவாது, சாமிக்கு மட்டும்தான் ஆவும்” என்றாள்.

சாயங்காலம், இருட்டத் தொடங்கும் நேரத்தில் வாடை வந்தது.

முதலில் சாக்கடை என்று நினைத்தேன். பிறகு எலி என்றாள் அம்மா. பீரோவுக்குப் பின்னால், அரிசி டிரம்முக்குக் கீழே, பரண் மேல் எல்லாம் பார்த்தோம். சன்னலை மூடினால் குறைந்தது. திறந்தால் அடுத்த வீட்டுப் பக்கமிருந்து வந்தது.

அம்மா சன்னலை மூடிவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்காமல் சமையலறைக்குள் போனாள்.

ஏப்ரல் 14, திங்கள். சித்திரை விசு

இதை எழுதும்போது மணி ஏழாகிறது. நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

விடியற்காலையில் கண்ணை மூடிக்கொண்டு போய்க் கனி கண்டோம். கண்ணாடி, பூ, பழம், விளக்கு. கண்ணைத் திறந்த அந்த நொடியிலும் மூக்கில் அந்த வாடைதான் இருந்தது. அம்மா பத்தியை ஒரு கட்டாக ஏற்றி வைத்தாள்.

ஒன்பது மணிக்குள் தெரு முழுவதும் வாசலில் நின்றது. விசு அன்றைக்கு எல்லோரும் புதுத்துணியில் இருந்தார்கள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒருவரையொருவர் வாழ்த்திக்கொண்டார்கள்.

“எலி இப்படியா நாறும்?” என்றாள் ஆவுடை அத்தை. “மாடு செத்தாக்கூட இந்த நாத்தம் வராது.”

“சும்மா இரு மதினி” என்றாள் அம்மா.

“நான் என்ன சொல்லிட்டேன்? பாவம், நல்ல பையன். கொஞ்ச நாளா முகமே சரியில்ல. மனசுல என்ன இருந்துச்சோ.”

நான் உள்ளே போய்ச் சிறுபருப்புப் பாயசத்துக்கு வெல்லம் நுணுக்கினேன். தேவைக்கு மேல் நுணுக்கியிருக்கிறேன். இன்னும் ஒரு வாரத்துக்கு வரும்.

வீட்டுக்காரர் வேலாயுதம் அண்ணாச்சி கடையநல்லூரிலிருந்து மூன்று மணிக்கு வந்தார். அவரோடு ஏட்டு செல்லத்துரையும் இன்னொரு காவலரும். அண்ணாச்சிக்கு வீட்டுக்கு என்ன ஆகும் என்ற கவலை. “இப்பதான் வெள்ளையடிச்சேன்” என்று இரண்டு தடவை சொன்னார். யாரும் பதில் சொல்லாததால் மூன்றாம் தடவை சொல்லவில்லை.

ஏட்டு என்னிடம் வந்தார். மாடியில் நாங்கள் பேசுவதை அத்தை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

“கடைசியா நீங்கதான் பேசியிருக்கீங்க. என்னம்மா பேசினாரு?”

“மழையைப் பத்தி.”

“வேற?”

“ஒரு தவளையைப் பத்தி.”

அவர் பேனாவை மேலே தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். “மனக்கஷ்டம் ஏதாவது? வருத்தமா இருந்தாரா?”

“தெரியல.”

“நீங்க அவருக்கு என்ன வேணும்?”

இதற்கு ஒரு சொல் வேண்டும். தேடினேன். “பக்கத்து வீடு” என்றேன்.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அப்பா போனபோதும் இப்படித்தான் பிடித்திருந்தாள். அப்பா லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டு போவார். எங்கே, எத்தனை நாள் என்று சொல்லும் பழக்கம் கிடையாது. ஒரு தடவை எவரோ ஒருவர் ஓசூரிலிருந்து பேசினார். அம்மா அன்று முழுவதும், “சொல்லிட்டுப் போனா ஆம்பளைக்கு என்ன கொறஞ்சா போயிரும்” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது எனக்குப் பதினான்கு வயதில். அதைப் பற்றி நான் எழுதுவதில்லை.

முன்கதவை இரண்டு காவலர்களும் சேர்ந்து தள்ளினார்கள். தாழ்ப்பாள் பெயர்ந்து விழுந்தது. என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். நான் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்று பிறகு அம்மா கேட்கவில்லை.

உள்ளே யாரும் இல்லை. படுக்கை மடித்திருந்தது. மேசைமேல் என் புத்தகம், நடுவில் ஒரு பேருந்துச் சீட்டு அடையாளமாக. கொடியில் ஒரு சட்டை. உத்தரத்தை நான் பார்த்தேன். ஏட்டும் முதலில் அதைத்தான் பார்த்தார். அங்கே மின்விசிறி மட்டும்.

“பின்வாசலும் சாத்திக் கெடக்கு” என்றார் காவலர். இழுத்தார். வெளியிலிருந்து பூட்டியிருந்தது.

“அப்ப ஆளு வெளிய போயிட்டு அந்தப் பக்கம் பூட்டியிருக்காரு” என்றார் ஏட்டு. “பூட்டு வெளிய இருந்தா ஆளு உள்ள இல்ல.”

எனக்கு மூச்சு வந்தது. அடுத்த மூச்சில் வாடையும் வந்தது. வீட்டுக்குள் இருந்ததைவிடப் பின்பக்கம் பலமாக. அப்போதுதான் நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வேறொன்றை நினைத்தோம் என்று தோன்றுகிறது. ஆவுடை அத்தை சாமியை அழைத்தாள்.

பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போய், பின்வாசல் மதில் கதவின் கொக்கியை நீக்கி உள்ளே போனோம். துவைகல், தண்ணீர்த் தொட்டி, குளியலறைச் சுவர் ஓரமாகக் காய்ந்த தென்னோலைக் குவியல். ஓலைக்கு மேல் ஈ. மழை பெய்த மண்ணில் அந்த இடம் மட்டும் மேலே தள்ளி வெடித்திருந்தது.

“இங்கன மண்ணத் தோண்டியிருக்கு” என்றார் ஏட்டு மெதுவாக. “பொம்பளைங்க தள்ளி நில்லுங்க.”

யாரும் நகரவில்லை. அவர் லத்தியால் ஓலையை விலக்கினார். விலக்கியவர் இரண்டடி பின்னால் வந்தார்.

கருஞ்சிவப்பாக, ஈரமாக, மனிதத் தலையைவிடப் பெரிதாக ஒன்று மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. மூளையைப்போல் மடிப்பு மடிப்பாக. அதைச் சுற்றி ஈரலை விரித்து வைத்த மாதிரி ஓர் அகலமான விளிம்பு. நடுவில் வண்டுகள் ஊர்ந்தன.

“ஐயோ, கொடலு” என்றாள் அத்தை. வேலாயுதம் அண்ணாச்சி மதிலைப் பிடித்துக்கொண்டு குமட்டினார்.

நான் அதைப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க அது எனக்குத் தெரிந்தது. சுமத்ராக் காடுகளில் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, பல வருடத்துக்கு ஒருமுறை பூத்து, பிணவாடை வீசி வண்டுகளையும் ஈக்களையும் வரவழைக்கும் ஒரு பூவைப் பற்றி முன்பு எழுதியிருக்கிறேன். வாடை நன்றாகப் பரவுவதற்காகத் தன் உடம்பைத் தானே சூடாக்கிக்கொள்ளும் பூ. படத்தை அரைப் பக்கத்துக்குப் போட்டார்கள். அதன் நெருங்கிய சொந்தம் ஒன்று நம் சந்தையில் கிடைக்கிறது என்று கடைசி வரியில் எழுதியதும் நான்தான். எழுதினேனே தவிர, அது பூத்து நான் பார்த்ததில்லை. இங்கே பொங்கலுக்கு முன்பே தோண்டி விற்றுவிடுகிறார்கள். யார் வீட்டில் அதைப் பூக்க விடுகிறார்கள்?

“பூ” என்றேன்.

“என்னது?” என்றார் ஏட்டு.

“பூ. சேனைக்கிழங்கு பூத்திருக்கு.”

பிறகு துவைகல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

ஏட்டு நம்பவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து, லத்தி முனையால் பக்கத்து மண்ணைக் கிளறினார். கிழங்கின் தோல் தெரிந்தது. “ஆமாய்யா. சேனைல்லா இது. சேனை இப்படியா பூக்கும்? இத்தன வருசமா சாப்பிடுதேன், எனக்குத் தெரியாதே.”

அம்மா முன்னால் வந்தாள். கிழங்கை உற்றுப் பார்த்தாள். அதன் ஒரு பக்கம் வெட்டுத்தழும்பு இருந்தது.

“இது நான் பொங்கலுக்குக் குடுத்ததுல்லா” என்றாள். “முழுசாக் குடுத்தேன். ஒத்தையில இருக்க பிள்ள, நாலு நாளைக்கு வச்சுச் சாப்பிடட்டும்னு. எப்படி இருந்துச்சு தம்பின்னு கேட்டேன். ரொம்ப நல்லா இருந்துச்சும்மா, வாயில போட்டதும் கரைஞ்சுதுன்னாரு.”

குனிந்து அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்தாள்.

“பொதைச்சிருக்காரு” என்றாள் அம்மா.

முதலில் சிரித்தது ஏட்டு. பிறகு மற்றக் காவலர். வேலாயுதம் அண்ணாச்சி வாயைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். தெருவே சிரித்தது. “சண்முகவடிவு சமைச்சதச் சாப்பிட முடியாமப் பொதைச்சாருன்னா ஒரு நியாயம். பச்சையாக் குடுத்ததையேல்லா பொதைச்சிருக்காரு” என்றாள் ஆவுடை அத்தை, அம்மாவின் பெயரைச் சொல்லி. அம்மாவைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைத்தேன். அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்தபோதுதான் தெரிந்தது.

போகும்போது ஏட்டு, “சரி, பூ இருக்கட்டும். ஆளு எங்க?” என்றார்.

அது இன்னும் தெரியவில்லை. ஆனால் பின்கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பி வருகிற எண்ணத்தோடுதான் போயிருப்பார். இதை நான் இன்று பலமுறை யோசித்து வைத்திருக்கிறேன்.

ஜெர்மனிக்காரர்களைப் பற்றிய தகவலை எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் ஆமை.

ஏப்ரல் 15, செவ்வாய்

காலையில் அலுவலகம் திறந்ததும் அழைத்தேன். எடுத்தவர் சாவகாசமாகப் பேசினார். “தணிகைவேலா? புதன் ராத்திரி ஜீப்ல முகாமுக்குப் போயிருக்காரும்மா. நீங்க யாரு பேசறது?”

“அவர்கிட்ட ஒரு நூலகப் புத்தகம் இருக்கு” என்றேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு வந்தார். சந்து வழியாக, தோளில் தாள் சுருள்களோடு. ஆறு நாள் தாடி. பேயைப் பார்த்ததுபோல் ஆவுடை அத்தை அவரைப் பார்த்தாள். அப்புறம் தெருவுக்கே கேட்கும்படி, “ஏ சண்முகவடிவு, செத்தவரு வந்துட்டாரு” என்றாள்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. உடைந்த கதவைப் பார்த்தார். பெயர்ந்த தாழ்ப்பாளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அதில் எழுத்து இருக்கிறதா என்று தேடுகிறவர் மாதிரி. தெரு அவரைச் சுற்றி நின்று நடந்ததைச் சொன்னது. ஒவ்வொருவரும் தானே ஓலையை விலக்கியதாகச் சொன்னார்கள்.

“முன்கதவுச் சாவி தொலைஞ்சு மூணு மாசமாச்சு” என்றார் அவர். “உள்ள தாழ்ப்பாள் போட்டுட்டு பின்பக்கம் பூட்டிட்டுதான் போவேன். எப்பவும் அப்படித்தான்.”

“நான் பாக்கவேயில்லையே” என்றாள் அத்தை, நெஞ்சில் கை வைத்து. அவளுக்கு அதுதான் பெரிய அடி.

மலையடிவாரத்தில் ஒரு பாறை, பக்கத்தில் சுனை, பாறையில் பத்து வரி வட்டெழுத்து. ஏரிக்கு மதகு கட்டியவனின் பெயர் இருக்கிறதாம். இரண்டு நாள் வேலை என்று போயிருக்கிறார். மழையில் தாள் காயவில்லை. ஒட்டுவதும் கிழிவதுமாக நாள் போயிருக்கிறது. முதல் நாளே கைபேசி சுனைக்குள் விழுந்துவிட்டது.

அம்மா வாசலிலிருந்து இறங்கி அவரிடம் போனாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

“தம்பி, சேனை நல்லா இருந்துச்சா?”

அவர் முகம் அந்தப் பூவின் நிறத்துக்கு வந்தது. “இல்லம்மா. வெட்டிப் பார்த்தேன். கையெல்லாம் அரிச்சுது. ஹாஸ்டல்ல வளர்ந்தவன், எப்படிச் சமைக்கறதுன்னு தெரியல. தூக்கிப்போட மனசு வரல. நீங்க குடுத்தது. குப்பையில போட்டா நீங்க பார்த்துடுவீங்கன்னு...”

“பொதைச்சிட்டீரு.”

“ஆமாம்மா.”

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டா புளித்தண்ணியில வேகவைன்னு சொல்லியிருப்பேம்லா” என்றாள் அம்மா. பிறகு, “சாப்பிட்டீரா?” என்றாள். அவரை உட்கார வைத்துச் சோறு போட்டாள். நான் உள்ளே பிழை திருத்திக்கொண்டிருந்தேன். ஆமை பற்றிய நான்கு வரியில் திருத்துவதற்கு நிறைய இருந்தது.

சாயங்காலம் மாடிக்குப் போனேன்.

அவர் தாள்களை விரித்துக்கொண்டிருந்தார். வாடை மிகவும் குறைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, “அன்னிக்கு நான் கேட்டது உங்களுக்குச் சங்கடமா இருந்திருந்தா மன்னிச்சுக்குங்க. அதுக்காகத்தான் அந்த முகாமுக்கு உடனே போனேன். கொஞ்ச நாள் கண்ணுல படாம இருக்கலாம்னு” என்றார்.

“போனவரு ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

அவர் யோசித்தார். சாமர்த்தியமாகப் பதில் சொல்ல யோசித்ததாகத் தெரியவில்லை. “யார்கிட்ட சொல்லணும்னு தெரியல. சின்ன வயசுலேர்ந்து ஹாஸ்டல். எங்க போறேன்னு கேக்கற ஆள் இருந்ததில்ல. அம்மாவுக்கும் வாரம் ஒரு தடவை போன், அவ்ளோதான்.”

என் நாக்கு நுனியில் தகவல்கள் நின்றன. கடல் ஆமை, திசைகாட்டி, ஏதோ ஒரு பறவை. அவற்றை அப்படியே விட்டேன்.

“இனிமே எங்க போனாலும் என்கிட்ட சொல்லிட்டுப் போங்க” என்றேன்.

அவர் ஒரு தாளைக் கையில் பிடித்தபடி நின்றார். காற்று அதை மடக்கியது.

“சொல்றேன்.”

“எத்தனை நாள்னும் சொல்லணும்.”

“சொல்றேன்.” தாளை நீவிச் சுவர்மேல் வைத்துவிட்டு, “அம்மாவுக்கு போன் பண்ணட்டுமா?” என்றார்.

“பண்ணுங்க. உங்க போன்தான் சுனையில கெடக்கே. என்னோடத எடுத்துக்குங்க.”

கொடுத்தேன். மை பட்டது. துடைக்கவில்லை.

ஏப்ரல் 16, புதன்

அம்மாவிடம் சொன்னேன். “நீ மாடிக்குப் போகாம என்னைய முழங்கால் வலியோட ஏறவிட்டியே, அன்னைக்கே தெரியும்” என்றாள். பிறகு வேறு ஊர், வேறு ஆட்கள், உன் பெரியப்பா என்ன சொல்வாரோ என்று ஒரு மணி நேரம் பேசினாள். கடைசியில், “அவுக அம்மைக்குக் காப்பியா, டீயா?” என்று கேட்டாள்.

ஏப்ரல் 18, வெள்ளி

பூ சரிந்துவிட்டது. ஆவுடை அத்தை எல்லோரையும் கூட்டிவந்து காட்டுகிறாள். வாடை போய்விட்டதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்.

மே 4, ஞாயிறு

அரக்கோணத்திலிருந்து வந்தார்கள். அவருடைய அம்மா மெலிந்தவர், அதிகம் பேசாதவர். என்னைச் சமையலறையில் தனியாகப் பார்த்து, “இவன் எதையும் வாய்விட்டுச் சொல்லமாட்டானேம்மா, எப்படிச் சமாளிக்கப் போற?” என்று கவலைப்பட்டார். நானும் அப்படித்தான் என்று அவரிடம் சொன்னேன். சொல்லிவிட்டேன் என்பதே எனக்கு வியப்பாக இருந்தது. பெரியப்பா வரவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

இன்று காலை எங்கள் கல்யாணம் நடந்தது. பெரியப்பா வந்தார், தாமதமாக வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். ஏட்டு செல்லத்துரை குடும்பத்தோடு வந்திருந்தார்.

செப்டம்பர் 8, திங்கள்

சங்கரன்கோவில் பக்கம் ஒரு குன்றுக்குப் போயிருக்கிறார். புதன்கிழமை சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

செப்டம்பர் 10, புதன்

சாயங்காலம் வந்துவிட்டார்.